எலன் டெர்ரியின் கடிதக் கட்டு

அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். ஒரு கோப்பைத் திறந்தால் வந்த கடிதமும் இருக்கும், நாம் அனுப்பிய பதிலின் நகலும் இருக்கும். யார் என்ன கேட்டார், நாம் என்ன சொன்னோம் என்பது பத்து வருஷம் கழித்து அந்த நாற்காலிக்கு வருகிற புது கிளார்க்குக்கும் புரியும். வீட்டுக் கடிதம் அப்படி இல்லை. நமக்கு வந்தது நம்மிடம் இருக்கும். நாம் எழுதியது யார் வீட்டுப் பெட்டியிலாவது கிடக்கும், இல்லையென்றால் அடுப்புக்குப் போயிருக்கும். ஆகவே வீட்டுக் கடிதம் என்பது எப்போதும் பாதிக் கோப்புதான்.

பிரெஞ்சு வழியில் படித்த எங்கள் தலைமுறைக்கு மதாம் த செவின்யேவின் கடிதங்கள் பாடமாக இருந்தன. 17-ஆம் நூற்றாண்டு அம்மா அவர். மகளைக் கட்டிக்கொடுத்து, அந்தப் பெண் 1671-இல் தெற்கே புரோவான்ஸுக்குப் போய்விட்டாள். அதிலிருந்து சாகும்வரை மகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். பிரெஞ்சு உரைநடைக்கே அவை இலக்கணம் என்று எங்கள் வாத்தியார்கள் சொல்வார்கள். ஆனால் மகள் எழுதிய பதில்கள் ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. செவின்யேவின் பேத்தி பாட்டியின் கடிதங்களை அச்சுக்கு விட்டாள், தன் தாயின் கடிதங்களை அழிக்கச் செய்துவிட்டாள். முந்நூறு வருஷமாக உலகம் அந்த அம்மாவின் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது. மகள் ஆசையாகப் பதில் எழுதினாளா, சலித்துக்கொண்டு எழுதினாளா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இரண்டு பக்கமும் அழியாமல் நின்ற ஒரு கடிதப் போக்குவரத்தைப் பற்றித்தான் இன்று எழுதப்போகிறேன். ஒரு பக்கம் எலன் டெர்ரி, விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தின் மிகப் பெரிய மேடை நடிகை. இன்னொரு பக்கம் ஜார்ஜ் பெர்னார்ட் ஷா. ஷாவை நம்மில் பலருக்குத் தெரியும். எலன் டெர்ரியைத் தெரிந்தவர்கள் குறைவு. ஆகவே முதலில் அந்த அம்மாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

1847 பிப்ரவரி 27-ஆம் தேதி கோவென்ட்ரி நகரில், ஊர் ஊராகப் போய் நடிக்கும் ஒரு நாடகக் குடும்பத்தில் பிறந்தார். 1856-இல், ஒன்பது வயதில், ஷேக்ஸ்பியரின் ‘தி வின்டர்ஸ் டேல்’ நாடகத்தில் சிறுவன் மமிலியஸ் வேஷம் போட்டு லண்டன் மேடை ஏறினார். பதினேழு வயது நிறைவதற்குள் ஜார்ஜ் ஃபிரடெரிக் வாட்ஸ் என்ற பெரிய ஓவியருக்குக் கட்டிவைத்தார்கள். மாப்பிள்ளைக்கு 46 வயது. ஒரு வருஷம்கூட அந்த வாழ்க்கை நிலைக்கவில்லை. பிறகு எட்வர்ட் காட்வின் என்ற கட்டடக் கலைஞரோடு, கல்யாணம் செய்துகொள்ளாமலே, சில வருஷங்கள் கிராமத்தில் வாழ்ந்தார். எடித் என்று ஒரு மகள், கார்டன் என்று ஒரு மகன். அந்தக் காலத்து இங்கிலாந்தில் அது சின்ன விஷயம் இல்லை. இருந்தும் 1874-இல் மேடைக்குத் திரும்பியபோது ஜனங்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

1878 டிசம்பரில் ஹென்றி இர்விங் தம்முடைய லைசியம் தியேட்டரில் ‘ஹேம்லட்’ போட்டார். இர்விங் ஹேம்லட், எலன் ஒபீலியா. அன்று சேர்ந்த ஜோடி 1902 வரை நீடித்தது. போர்ஷியா, பியாட்ரிஸ், 1888-இல் லேடி மேக்பெத் என்று ஷேக்ஸ்பியரின் பெரிய பெண் வேஷங்கள் பலவற்றை அங்கே செய்தார். வண்டுச் சிறகுகளை வைத்துத் தைத்த பச்சை உடையில் லேடி மேக்பெத்தாக அவர் நிற்பதை ஓவியர் சார்ஜென்ட் வரைந்திருக்கிறார். அந்தப் படம் இன்றும் லண்டன் டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது. லைசியத்தில் அவருடைய சம்பளம் வாரம் 200 பவுன். இர்விங்குக்கு 1895-இல் ‘சர்’ பட்டம் கிடைத்தது. நடிகர் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் தடவை.

கடிதக் கதை 1892 ஜூனில் ஆரம்பிக்கிறது. எலனுக்குத் தெரிந்த ஒரு இளம் பாடகி இருந்தாள். அவளுக்கு உண்மையிலேயே திறமை இருக்கிறதா, பாட்டை நம்பிப் பிழைக்கலாமா என்று ‘தி வேர்ல்ட்’ பத்திரிகை ஆசிரியருக்கு எலன் கடிதம் போட்டார். ஆசிரியர் அதைத் தம் பத்திரிகையின் சங்கீத விமர்சகரிடம் தள்ளிவிட்டார். நம் அலுவலகங்களில் ‘உரிய நடவடிக்கைக்காக’ என்று எழுதித் தள்ளுவார்களே, அதே மாதிரிதான். அந்த விமர்சகர்தான் ஷா. வயது 36 நிறையப்போகிறது. நாடக ஆசிரியராக இன்னும் யாருக்கும் தெரியாது. அவர் அந்தப் பெண்ணின் பாட்டைப் போய்க் கேட்டு, மனத்தில் பட்டதை ஒளிவுமறைவு இல்லாமல் எலனுக்கு எழுதினார். எலனுக்கு அப்போது வயது 45.

கொஞ்ச நாள் போய்வந்த கடிதங்கள் பிறகு நின்றன. 1895-இல் மறுபடி தொடங்கியபின் அடைமழை மாதிரி கொட்டின. எலன் இருந்தது லண்டனின் மேற்கே பார்க்ஸ்டன் கார்டன்ஸில், ஷா இருந்தது ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில். ஒரே ஊர். குதிரை வண்டி பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் அவர்கள் போகவில்லை. தபாலை நம்பினார்கள். நம்பக்கூடிய தபால்தான் அது. 1840-இல் ஒரு பென்னி தபால்தலை வந்ததிலிருந்து ஏழை பணக்காரன் என்று எல்லோரும் கடிதம் எழுதத் தொடங்கிவிட்டார்கள். அந்த நூற்றாண்டின் கடைசியில் லண்டன் நகரின் நடுப்பகுதியில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை வரை தபால்காரர் வந்தார். காலையில் எழுதினால் மதியத்துக்குள் பதில் கிடைக்கும். இன்றைய பேரப்பிள்ளைகளின் வாட்ஸ்அப்பை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அந்த வேகம்.

என்ன எழுதிக்கொண்டார்கள்? காதல் கடிதம் என்று பலர் சொல்வார்கள். கொஞ்சலும் கேலியும் நிறையவே உண்டு. ஆனால் எனக்கு அவற்றில் முக்கியமாகப் பட்டது தொழில் பேச்சு. ஒரு உதாரணம் சொல்கிறேன்.

1896 செப்டம்பர் 22-ஆம் தேதி லைசியத்தில் ஷேக்ஸ்பியரின் ‘சிம்பலைன்’ அரங்கேறியது. எலனுக்கு இமோஜன் வேஷம். அந்த நாடகத்தில் ஒரு கஷ்டமான கட்டம் வரும். இமோஜன் மயக்கத்திலிருந்து கண் விழிக்கிறாள். பக்கத்தில் தலையில்லாத ஒரு பிணம் கிடக்கிறது. உடையைப் பார்த்து அது தன் கணவன் என்று நினைத்துவிடுகிறாள். ஜனங்கள் சிரித்துவிடாமல் அதை எப்படி நடிப்பது? தூக்கத்திலிருந்து விழிக்கிறவளுக்கு எந்த நிமிஷத்தில் என்ன புரிகிறது, எந்த வரியை வெட்டலாம், எதை வெட்டவே கூடாது என்று ஷா பக்கம் பக்கமாக எழுதினார். எலன் எல்லாவற்றுக்கும் தலையாட்டவில்லை. சிலவற்றை ஏற்றுக்கொண்டார். சிலவற்றுக்கு, மேடையில் நிற்கிறவளுக்கு இது நடக்காது என்று காரணத்தோடு மறுப்பு எழுதினார். நாற்பது வருஷ அனுபவமுள்ள நடிகையும் மேடையே ஏறாத விமர்சகரும் ஒரு காட்சியைப் பாகம் பாகமாகக் கழற்றிப் பார்க்கிறார்கள். ஷாவின் கடிதங்கள் மட்டும் கிடைத்திருந்தால், வாத்தியார் ஒருவர் மாணவிக்குப் பாடம் நடத்தினார் என்றே நினைத்திருப்போம். எலனின் பதில்களைப் படித்த பிறகுதான் வாத்தியார் யார் என்ற சந்தேகம் வருகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஷா அப்போது ‘சாட்டர்டே ரிவ்யூ’வின் நாடக விமர்சகர். அதே ‘சிம்பலைன்’ நாடகத்துக்கு அவர்தான் விமர்சனம் எழுத வேண்டும். பரீட்சைத் தாள் திருத்துகிறவரே வீட்டுக்கு வந்து டியூஷன் எடுத்த கதை! விமர்சனத்தில் எலனைப் புகழ்ந்தார். இர்விங்கையும், போதாததற்கு ஷேக்ஸ்பியரையும், ஒரு பிடி பிடித்தார்.

இர்விங்தான் இந்தக் கடிதங்களில் எழுதாமலே நிற்கிற மூன்றாவது ஆள். ஷா 1895-இல் நெப்போலியனை வைத்து ‘தி மேன் ஆஃப் டெஸ்டினி’ என்று ஒரு சின்ன நாடகம் எழுதியிருந்தார். இர்விங் நெப்போலியனாகவும் எலன் எதிரே வருகிற மர்மப் பெண்ணாகவும் நடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. நாடகத்தை எலனுக்கு அனுப்பினார், எலன் இர்விங்கிடம் சேர்த்தார். இர்விங் ஏற்கவும் இல்லை, திருப்பவும் இல்லை. கோப்பு ‘பரிசீலனையில்’ இருந்தது. ‘சிம்பலைன்’ விமர்சனம் வெளியான அதே நாளில் ஷா இர்விங்கை நேரில் பார்க்கப் போனார். எலனும் வருவதாக இருந்தது. கதவு வரைக்கும் வந்தவர், உள்ளே இருவர் குரலையும் கேட்டுவிட்டு அப்படியே வீட்டுக்கு ஓடிவிட்டார்.

அந்த டிசம்பர் 19-ஆம் தேதி இர்விங் ‘மூன்றாம் ரிச்சர்ட்’ போட்டார். ஷா எழுதிய விமர்சனத்தில், இர்விங் குடித்துவிட்டு மேடை ஏறினார் என்று அர்த்தம் தொனிப்பதாக லைசியத்தில் எடுத்துக்கொண்டார்கள். 1897-இல் நெப்போலியன் நாடகம் ஷாவிடமே திரும்பி வந்தது. அதே வருஷம் ஏப்ரலில் இர்விங் நெப்போலியனாக நடிக்கத்தான் செய்தார். ஆனால் அது பிரெஞ்சுக்காரர் சார்துவின் ‘மதாம் சான்-ழேன்’ நாடகத்தின் ஆங்கில வடிவம். நடுவில் நின்ற எலனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் பதினெட்டு வருஷம் தோள்கொடுத்துத் தன்னைப் பெரிய நடிகையாக்கிய முதலாளி. இன்னொரு பக்கம் தன் அறிவை மதித்து எழுதுகிற நண்பர். ஹென்றியோடு சண்டை வேண்டாம் என்று ஷாவைக் கெஞ்சி எழுதுகிறார். ஆனால் ஷாவோடு கடிதத்தை நிறுத்தவும் இல்லை.

இங்கே ஒரு கிளார்க்கைப் பற்றிச் சொல்ல வேண்டும், நம் இனம் அல்லவா! லைசியத்தின் நிர்வாகம், இர்விங்கின் கடிதப் போக்குவரத்து எல்லாம் பிராம் ஸ்டோக்கர் கையில் இருந்தன. 1897-இல் ‘டிராகுலா’ நாவல் எழுதி உலகப் புகழ் பெற்ற அதே ஸ்டோக்கர்தான். அதற்கு முன்னால் டப்ளினில் அரசாங்க குமாஸ்தாவாக இருந்தவர். அவர் எழுதிய ஆரம்பகாலப் புத்தகம், 1879-இல் வந்தது, அயர்லாந்தின் சிறு நீதிமன்ற குமாஸ்தாக்களின் கடமைகளைப் பற்றியது. இர்விங் பெயரில் போன கடிதங்களில் பல ஸ்டோக்கர் போன்ற அலுவலக மனிதர்கள் எழுதித்தந்தவை. மேலதிகாரி கையெழுத்துக்குக் கடிதம் தயார்செய்து பழகிய எனக்கு அதில் குறை சொல்லத் தோன்றவில்லை. ஆனால் எலனின் கடிதத்தை வேறு யாரும் எழுதித்தர முடியாது. நினைத்த வேகத்தில் எழுதுவார், வார்த்தைகளுக்குக் கீழே கோடு போடுவார், முற்றுப்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோட்டை இழுத்துவிட்டு அடுத்த விஷயத்துக்குத் தாவுவார். ஆள் எதிரே உட்கார்ந்து பேசுவது போல இருக்கும்.

எட்டு வருஷம் இருவரும் நேரில் பேசியதே இல்லை. மேடையில் எலனை ஷா எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். எலன் ஒரு தடவை லைசியம் திரையின் துவாரம் வழியாக, கொட்டகையில் உட்கார்ந்திருந்த ஷாவை எட்டிப் பார்த்து, இவ்வளவு சின்னப் பிள்ளையா என்று ஆச்சரியப்பட்டு எழுதினார். சந்திப்பதற்கு யாரும் தடை போடவில்லை. அவர்களாகவே தள்ளிப்போட்டார்கள். முகம் பார்த்துவிட்டால் கடிதம் கெட்டுப்போகும் என்ற பயம் இருவருக்கும் இருந்தது என்று நினைக்கிறேன். அவர் ஐம்பதைத் தொடுகிற நடிகை, அழகுக்குப் பேர் போனவர். பகல் வெளிச்சத்தில் ஒப்பனை இல்லாமல் தன்னைப் பார்த்தால் என்ன ஆகும் என்ற தயக்கத்தை எலன் மறைக்கவே இல்லை.

ஷாவுக்கு ஷார்லட் என்ற ஐரிஷ் பணக்காரப் பெண் அறிமுகமானபோது அதையும் எலனிடம் சொன்னார். எலன் பொறாமைப்படவில்லை. அக்காவைப் போல யோசனை சொன்னார். 1898 ஜூனில் ஷா ஷார்லட்டைக் கல்யாணம் செய்துகொண்டார். எலனின் மகனுக்குக் குழந்தை பிறந்தபோது, இனி ஒரு பாட்டிக்கு யார் நாடகம் எழுதுவார்கள் என்று எலன் அங்கலாய்த்தார். நான் எழுதுகிறேன் என்று கிளம்பி ஷா எழுதியது 1899-இல் முடிந்த ‘கேப்டன் பிராஸ்பவுண்ட்ஸ் கன்வர்ஷன்’. படித்துப் பார்த்த எலன், இந்த வேஷம் எனக்குச் சரிப்படாது, வேறு நடிகையிடம் கொடுங்கள் என்று எழுதிவிட்டார்! கடைசியில் 1906-இல் லண்டன் கோர்ட் தியேட்டரில் அவரே அதை நடித்தார்.

இருவரும் முதல்முதலாக நேருக்கு நேர் பேசிக்கொண்டது 1900 டிசம்பரில், இதே நாடகத்தை வேறு குழு நடித்தபோது. அதன்பின் கடிதங்கள் குறைந்தன, ஆனால் நிற்கவில்லை. இர்விங் 1905 அக்டோபரில் பிராட்ஃபர்ட் நகரில், அன்றைய நாடகத்தை முடித்துவிட்டுத் திரும்பிய இரவிலேயே காலமானார். எலனுக்கு வயதாக ஆகக் கண் மங்கியது, வசனம் நினைவில் நிற்கவில்லை. 1925-இல் அரசாங்கம் ‘டேம்’ பட்டம் கொடுத்தது. 1928 ஜூலை 21-ஆம் தேதி கென்ட் மாகாணத்தில் ஸ்மால்ஹைத் என்ற சிற்றூரில், தம் பழைய மரச்சட்ட வீட்டில் கண்ணை மூடினார். அந்த வீட்டில் ஷாவின் கடிதங்கள் பத்திரமாக இருந்தன. எலனின் கடிதங்களை ஷாவும் பத்திரமாகவே வைத்திருந்தார்.

இனிமேல்தான் உண்மையான சிக்கல்.

ஆங்கிலேயச் சட்டத்தில் 18-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு விதி ஏற்பட்டுவிட்டது. கவிஞர் அலெக்சாண்டர் போப் தன் கடிதங்களை அனுமதியில்லாமல் அச்சடித்த ஒரு பதிப்பாளர் மேல் 1741-இல் வழக்குப் போட்டார். அதில் வந்த தீர்ப்பு இது: கடிதத் தாள் பெற்றவருக்குச் சொந்தம், அதில் உள்ள எழுத்தை அச்சிடும் உரிமை எழுதியவருக்கே சொந்தம். இதை எலன்–ஷா விஷயத்தில் வைத்துப் பாருங்கள். ஷாவின் கடிதத் தாள்கள் எலனின் வாரிசுகளிடம். அவற்றை அச்சிடும் உரிமை ஷாவிடம். எலனின் கடிதத் தாள்கள் ஷாவிடம். அவற்றை அச்சிடும் உரிமை எலனின் வாரிசுகளிடம். இருவரும் ஒத்துக்கொள்ளாமல் ஒரு பக்கம்கூட வெளியே வர முடியாது. இதைவிட நியாயமான ஏற்பாட்டை என் சர்வீஸில் எந்த அரசாணையிலும் பார்த்ததில்லை.

மகள் எடித் கிரெய்க் வெளியிட வேண்டும் என்றார். தாயோடு கடைசிவரை பக்கத்தில் இருந்தவர் அவர். அம்மாவை உலகம் அழகான நடிகை என்றே நினைக்கிறது, எவ்வளவு கூர்மையான மூளை என்று தெரியட்டும் என்பது அவர் தரப்பு என்று கொள்ளலாம். மகன் கார்டன் கிரெய்க் பெரிய மேடை வடிவமைப்பாளர், இர்விங்கின் பக்தர், ஷாவை அவருக்குப் பிடிக்காது. அம்மாவின் அந்தரங்கத்தைக் கடைவீதியில் பரப்புகிறார்கள் என்று கொதித்தார். ஷா முதலில் தயங்கினார். பிறகு சம்மதித்து முன்னுரையும் எழுதிக்கொடுத்தார். எடித்தின் தோழி கிறிஸ்டோபர் செயின்ட் ஜான் பதிப்பாசிரியராக இருக்க, 1931-இல் புத்தகம் வந்தது. அதே வருஷம் கார்டனும் தன் தாயைப் பற்றித் தனியாக ஒரு புத்தகம் போட்டார். உலகம் பார்த்த எலன் டெர்ரி வேறு, வீட்டில் நான் பார்த்த நெல்லி வேறு என்பது அதன் சாரம். கூடவே ஷாவைத் தாக்கித் தனியாக ஒரு சிறு பிரசுரமும் இணைத்திருந்தார்.

இதில் யார் பக்கம் நியாயம்? எனக்கு இது வெறும் புத்தக விவகாரமாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு கட்டு இருக்கிறது.

என் அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்தில், புதுச்சேரியிலிருந்து போன எத்தனையோ பேரைப் போல, சைகோனில் உத்தியோகம் பார்த்தார். 1954 வரை அங்கே. அம்மாவுக்கு அவர் எழுதிய கடிதங்களில் நாற்பது போல மிஞ்சியிருக்கின்றன. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டு டீச்சரம்மா படித்துச் சொல்வார், அம்மா சொல்லச் சொல்லப் பதிலும் எழுதுவார். அந்தப் பதில்கள் ஒன்றுகூட அப்பாவோடு கப்பலில் திரும்பி வரவில்லை. ஆகவே எங்களிடம் இருப்பதும் பாதிக் கோப்பு. அப்பாவின் ஒரு கடிதத்தில், பணம் அனுப்பிய விவரத்துக்கும் பிள்ளைகளின் ஜுரத்துக்கும் நடுவில், தனியாக ஒரு வரி: ‘நீ கேட்டதற்குப் பதில், இல்லை.’ அம்மா என்ன கேட்டாள்?

என் அக்காவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. ‘தம்பி, அதெல்லாம் எதுக்குடா, கொளுத்திப் போட்டுடு’ என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பிரான்ஸில் இருக்கும் என் மகளோ, ‘எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி வைங்கப்பா, குடும்ப சரித்திரம்’ என்கிறாள். போன வருஷம் அக்காவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி வீட்டில் இருந்தபோது, தினம் ஒரு கடிதம் வாசித்துக் காட்டினேன். அந்த வரி வந்ததும் அக்கா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். டீச்சரம்மா பதில் எழுதிய அன்று, எட்டு வயசுப் பெண்ணாக அம்மாவின் மடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். அம்மா கேட்ட கேள்வியை அறுபது எழுபது வருஷமாக மனசுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். என்னிடம் சொன்னாள். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. தாள் என்னிடம் இருக்கலாம், அந்தக் கேள்வி என்னுடையது இல்லை.

அதன்பிறகு ‘கொளுத்து’ என்று அக்கா சொல்லவில்லை. ‘வெச்சுக்கோ, ஆனா யாருக்கும் காட்டாதே’ என்றாள். போப் வழக்குத் தீர்ப்பை அவள் படித்ததில்லை. ஆனாலும் அதே தீர்ப்பைத்தான் சொன்னாள்.

இதை வைத்துப் பார்க்கும்போது எடித்தும் கார்டனும் இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று தோன்றுகிறது. வைத்துக்கொள்வது ஒன்று, அச்சிடுவது ஒன்று. செவின்யேவின் பேத்தி இரண்டையும் ஒன்றாக நினைத்ததால்தான் தன் தாயின் குரலை அழித்துவிட்டாள். எடித் அழிக்கவில்லை. அவர் அச்சிட்டது அவசரம் என்றே வைத்துக்கொண்டாலும், படித்து வருத்தப்படவாவது கார்டனுக்கு அம்மாவின் முழுக் குரல் கிடைத்தது. அழித்திருந்தால் அதுவும் இல்லை. ஒரு பக்கம் மட்டும் மிஞ்சியிருந்தால் இன்னும் மோசம். ஷாவின் கெட்டிக்காரத்தனம் மட்டும் புத்தகமாகியிருக்கும், எலன் அதில் வெறும் முகவரியாக இருந்திருப்பார்.

எலனுக்கே கடிதத்தின் மேல் தனிப் பிரியம் உண்டு. மேடையை விட்டு ஒதுங்கிய வயதில் ஷேக்ஸ்பியரைப் பற்றி இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சொற்பொழிவு செய்தார். நான்கு சொற்பொழிவுகள் 1932-இல் புத்தகமாக வந்தன. அதில் ஒன்று முழுக்க ஷேக்ஸ்பியர் நாடகங்களில் வருகிற கடிதங்களைப் பற்றியது. லேடி மேக்பெத் முதன்முதலாக மேடைக்கு வருவதே கணவனின் கடிதத்தைப் படித்துக்கொண்டுதான். ராத்திரிக்கு ராத்திரி அந்தத் தாளைக் கையில் பிடித்து நின்றவர் எலன். ஒரு கடிதம் படிக்கிறவர் கையில் என்னவெல்லாம் ஆகும் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது.

ஸ்மால்ஹைத் வீட்டை எடித் 1939-இல் நேஷனல் டிரஸ்ட் என்ற பொது அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார். இன்று அது எலன் டெர்ரி நினைவு இல்லம். ஷாவுக்கு மட்டுமல்லாமல் நண்பர்கள், பிள்ளைகள், தொழில்முறை ஆட்கள் என்று எலன் எழுதிய கடிதங்கள் எல்லாம் தேடித் திரட்டப்பட்டு 2010 முதல் பல தொகுதிகளாக வந்திருக்கின்றன.

நம் வீடுகளில் நினைவு இல்லம் எழும்பப்போவதில்லை. ஆனால் என் வயதுக்காரர்கள் பலர் வீட்டில், சைகோனிலிருந்தோ பாரிசிலிருந்தோ ரீயூனியனிலிருந்தோ வந்த நீல ஓரம் போட்ட விமானத் தபால் கட்டு ஒன்று கட்டாயம் இருக்கும். சொல்தா பென்ஷன் வாங்கிய வீடுகளில் இல்லாமலே இருக்காது. ஒரு பழைய கிளார்க்காக ஒரு யோசனை மட்டும் சொல்கிறேன். கட்டின் மேலே ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். யார் யாருக்கு எழுதியது, எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம், மறுபக்கத்தைத் தெரிந்தவர் யாராவது உயிரோடு இருக்கிறார்களா, யார் படிக்கலாம், யார் படிக்கக்கூடாது என்று நான்கு வரி போதும். மறுபக்கத்தைத் தெரிந்தவர் இருந்தால் முதலில் அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். சீட்டை எழுதித் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டால், நமக்குப் பின்னால் பிள்ளைகள் சண்டை போடும்போது அவர்கள் கையில் நம் வார்த்தை இருக்கும்.